வால்டர் லின்ட்ரம்

வால்டர் ஆல்பர்ட் லின்ட்ரம் (ஆகஸ்ட் 29, 1898 - ஜூலை 30, 1960) ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் ஆவார். ஆங்கில பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் வரலாற்றில் இவருக்கு இணையானவர் எவரும் இல்லை என்று பெரும்பாலான ஆட்ட வல்லுநர்கள் கருதுகின்றனர். 1933ஆம் ஆண்டு முதல் 1950ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ் வாகையர் பட்டம் இவரிடமே இருந்தது. 57 உலக சாதனைகள் இவர் பெயரில் குறிக்கப்படுகின்றன. 1932ஆம் ஆண்டு இலண்டனில் ஒரே முறையில் தொடர்ந்து 4,137 புள்ளிகள் எடுத்தது அவற்றுள் முதன்மையானதாகும்.

இளம் வயதிலிருந்து தந்தையின் கண்காணிப்பில் இவர் மேற்கொண்ட கடும் பயிற்சியே இத்திறமைக்கு அடிப்படையாகும். அப்பயிற்சியால் விளைந்த துல்லியம், ஆட்டத்தின் விதிகளையே மாற்ற வேண்டிய நிலையை உருவாக்கியது.

ஆட்டம் பற்றிய சுருக்கம்

லின்ட்ரத்தின் சாதனைகளைப் புரிந்துகொள்ள ஆங்கில பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் அடிப்படை விதிகளை அறிவது உதவும். ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட, ஆறு பைகள் உள்ள மேசையில் மூன்று பந்துகளைக் கொண்டு இருவர் ஆடுவது இவ்வாட்டம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு பந்து உண்டு; மூன்றாவது சிவப்புப் பந்து இருவருக்கும் பொதுவானது. புள்ளிகள் மூன்று வழிகளில் கிடைக்கின்றன.

* பாட்: மற்றொரு பந்தைப் பையில் வீழ்த்துதல். சிவப்புப் பந்துக்கு 3 புள்ளிகள், எதிராளியின் பந்துக்கு 2 புள்ளிகள்.
* இன்-ஆஃப்: தன் பந்து வேறொரு பந்தில் பட்டுத் தானே பையில் விழுதல். சிவப்பில் பட்டு விழுந்தால் 3 புள்ளிகள், எதிராளியின் பந்தில் பட்டு விழுந்தால் 2 புள்ளிகள்.
* கேனன்: தன் பந்து மற்ற இரு பந்துகளையும் தொடுதல். 2 புள்ளிகள்.

கேரம் ஆட்டத்தில் அடிக்கும் காய் குழியில் விழுவது பிழையாகும். பில்லியர்ட்ஸில் அதுவே முறையாக ஆடினால் புள்ளி தரும் அடியாக அமைகிறது. புள்ளி கிடைக்கும் வரை ஒருவரே தொடர்ந்து ஆடலாம். இவ்வாறு ஒருவர் விடாமல் எடுக்கும் புள்ளிகளின் தொகுப்பு பிரேக் எனப்படும்.

பிறப்பும் குடும்பமும்

லின்ட்ரம் மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள கல்கூர்லி என்னும் ஊரில் பிறந்தார். 1893ஆம் ஆண்டு தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் விரைவாக வளர்ந்த சுரங்க நகரம் அது. வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா என்னும் பிறந்த மாநிலத்தின் பெயரில் உள்ள முதலெழுத்துகளே தன் மகனின் பெயருக்கும் முதலெழுத்துகளாக அமைய வேண்டும் என்று தந்தை விரும்பியதால் வால்டர் ஆல்பர்ட் என்று பெயரிடப்பட்டதாகக் கூறப்படுகிறது.

லின்ட்ரம் குடும்பத்தில் பில்லியர்ட்ஸ் பரம்பரைத் தொழிலாகவே இருந்தது. தாத்தா, தந்தை, அண்ணன் ஆகிய மூவரும் பிரெடெரிக் வில்லியம் லின்ட்ரம் என்ற ஒரே பெயரைக் கொண்டவர்கள். மூவரும் தேர்ந்த ஆட்டக்காரர்கள். அண்ணன் பிரெட் நெடுங்காலம் ஆஸ்திரேலியத் தொழில்முறை வாகையராக விளங்கினார். தம்பி தன்னை விஞ்சிவிட்ட பிறகும் அப்பட்டம் அண்ணனிடமே இருந்தது. அதற்காக அண்ணனுடன் மோத வால்டர் முன்வரவில்லை. இவருடைய சகோதரியின் மகன் ஹொரேஸ் லின்ட்ரம் பின்னாளில் 1952ஆம் ஆண்டின் உலக சுனூக்கர் போட்டியில் வென்றவர் ஆவார்.

விபத்தும் இடக்கை ஆட்டமும்

குழந்தைப் பருவத்தில் நேர்ந்த ஒரு விபத்தில் வால்டர் தமது வலக்கை ஆள்காட்டி விரலின் நுனியை இழந்தார். இதன் காரணமாகத் தந்தை அவருக்கு இடக்கையால் ஆடக் கற்றுக்கொடுத்தார். இடக்கையால் கியூவை இயக்குபவருக்கு வலக்கையே மேசைமீது ஊன்றிக் கியூவைத் தாங்கும் கையாக அமைகிறது. தாங்கும் கை அசையாமல் இருந்தால் போதுமானது. அடியின் வேகத்தையும் திசையையும் பின்கையே தீர்மானிக்கிறது. ஆகவே நுண்மையான வேலை முழுவதும் காயமுறாத கைக்குச் சென்றது. உலகின் தலைசிறந்த பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரின் இடக்கை ஆட்டம் இவ்வாறு ஒரு குறையை ஈடுசெய்யும் முயற்சியாகத் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

பயிற்சி

தந்தை மகனின் பயிற்சியை மிகுந்த கண்டிப்புடன் நடத்தினார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வால்டர் மேசையருகே செலவிட்டார். எதிராளியுடன் ஆடி வெல்வதைவிட, ஒரே அடியைப் பிழையின்றித் திரும்பத் திரும்ப அடிப்பதே பயிற்சியின் மையமாக இருந்தது. தமது பதின்மூன்றாவது வயதில் வால்டர் முதல் தொழில்முறை ஆட்டத்தை ஆடினார்.

இவ்வாட்டத்தைக் கற்போர் அன்றும் இன்றும் மேற்கொள்ளும் அடிப்படைப் பயிற்சிகளைக் காண்பது, இத்தகைய உழைப்பு எதைக் குறிவைக்கிறது என்பதை விளக்கும்.

நேர்கோட்டுப் பயிற்சி

மேசையின் நடுவே நீளவாட்டில் பந்துகளை வைப்பதற்கான புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமைந்துள்ளன. கீழ்முனையில் இருந்து இப்புள்ளிகளின்மீது பந்தை உருட்டி, மேல்முனைக் குஷனில் மோதச் செய்து, அதே கோட்டில் கியூ முனைக்கே திரும்பி வரச் செய்வது முதற் பயிற்சியாகும். பந்தின் நடுவில் அடிப்பதாக நினைத்துச் சற்றே வலப்புறம் அடித்துவிட்டால், பந்தில் ஏறிய சுழற்சி குஷனில் மோதும்போது வெளிப்பட்டு, பந்து வலப்புறம் விலகித் திரும்பும். இடப்புறம் அடித்தால் இடப்புறம் விலகும். அடித்தவரின் பிழையை மேசையே காட்டிவிடுவதால் இப்பயிற்சிக்கு ஆசிரியர் தேவையில்லை. பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், பல ஆண்டுகள் ஆடியவர்களும் இதில் தவறுவதுண்டு.

அரைப்பந்து அடி

தன் பந்தின் மையத்தை மற்றப் பந்தின் விளிம்பை நோக்கிச் செலுத்துவது அரைப்பந்து அடி எனப்படும். இவ்வாறு அடிக்கும்போது தன் பந்து விலகும் கோணம் ஏறத்தாழ மாறாமல் இருக்கும். குறியில் சிறு பிழை நேர்ந்தாலும் அக்கோணம் பெரிதும் மாறுவதில்லை. எனவே இன்-ஆஃப் ஆட்டத்துக்கு இதுவே அடித்தளமாகக் கொள்ளப்படுகிறது. பைக்குள் விழுந்த தன் பந்தை எடுத்து மேசையின் கீழ்ப்பகுதியில் உள்ள அரைவட்டத்துக்குள் விரும்பிய இடத்தில் வைத்து மீண்டும் ஆடலாம். ஆகையால் சிவப்புப் பந்து மேல்குஷனில் மோதி மீண்டும் மேசையின் நடுப்பகுதிக்கே வந்து நிற்குமாறு வேகத்தைக் கட்டுப்படுத்தினால், ஒரே அடியை அடுத்தடுத்து அடித்துக்கொண்டே இருக்கலாம். இங்கே பையில் விழச் செய்வது பாதி வேலைதான். சிவப்புப் பந்தை நிறுத்துவதே மீதிப் பாதி.

மேசை உச்சி ஆட்டம்

சிவப்புப் பந்து பையில் விழுந்தால் அதனை மேல்முனையில் அதற்குரிய புள்ளியில் மீண்டும் வைப்பர். எதிராளியின் பந்தை அப்புள்ளிக்கு அருகில் நிறுத்திக்கொண்டு, பாட், கேனன் என்று மாறிமாறி ஆடுவது மேசை உச்சி ஆட்டம் எனப்படும். ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்கான இடத்தில் தன் பந்தைக் கொண்டு நிறுத்த வேண்டும். சில அங்குலப் பிழை நேர்ந்தாலும் தொடர் முறிந்துவிடும்.

நர்சரி கேனன்

லின்ட்ரத்தின் பெயருடன் என்றும் இணைத்துப் பேசப்படுவது நர்சரி கேனன் ஆகும். மூன்று பந்துகளையும் குஷனை ஒட்டி நெருக்கமாகச் சேர்த்து, மிக மென்மையாகத் தொட்டுத் தொட்டு அவற்றைக் குஷன் ஓரமாகவே நகர்த்திச் செல்லும் முறை இது. ஒவ்வொரு தொடுதலுக்கும் 2 புள்ளிகள் கிடைக்கும். பந்துகள் ஓர் அடியில் நகரும் தூரம் மிகச் சிறியது. பந்துகள் ஒரே கோட்டில் சிக்கிக்கொள்வதும், ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதும், பையின் வாயை அடைவதும் இதில் உள்ள இடர்கள். பை வந்ததும் பந்துகளின் வரிசையைக் குலைக்காமல் அதனைக் கடக்க வேண்டும் அல்லது திருப்பிக்கொண்டு வந்த வழியே செல்ல வேண்டும். பிற ஆட்டக்காரர்களில் பலர் ஒரு கட்டத்தில் பந்துகளை இழந்தனர். லின்ட்ரமோ மேசையின் ஓரத்தையே ஒரு பாதையாக்கிக்கொண்டு, பார்ப்பவர் எண்ணிக்கையை மறக்கும் அளவுக்கு அதில் போய்வந்தார்.

வில்லி சிமித்துடன் போட்டி

1920களில் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே லின்ட்ரத்தின் பெயர் அதிகம் அறியப்படவில்லை. ஆட்டத்தின் தலைமையிடம் இங்கிலாந்தே என்ற எண்ணம் அப்போது நிலவியது. 1929ஆம் ஆண்டு இங்கிலாந்தின் முன்னணி ஆட்டக்காரரான வில்லி சிமித் ஆஸ்திரேலியாவுக்கு வந்து லின்ட்ரத்துடன் மூன்று ஆட்டங்கள் கொண்ட தொடரில் மோதினார். நர்சரி கேனன்களைப் பெரிதும் நம்பாமல் மேசை முழுவதையும் பயன்படுத்தி ஆடியவர் சிமித். முதல் இரண்டு ஆட்டங்களில் இருவரும் ஆளுக்கொன்று வென்றனர்.

அந்த ஆண்டில்தான் லின்ட்ரம் நோயுற்றிருந்த ரோசி கோட்சை மணந்திருந்தார். தொடர் நடந்துகொண்டிருந்தபோது ரோசி இறந்தார். லின்ட்ரம் ஆட்டத்தைக் கைவிட்டதால் மூன்றாவது ஆட்டம் நிறைவடையவில்லை. சில வாரங்களில் அவர் சிமித்துடனும் நியூசிலாந்து ஆட்டக்காரரான கிளார்க் மெக்கோனகியுடனும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இங்கிலாந்தில் சாதனைகள்

1929-30ஆம் பருவத்தில் லின்ட்ரம் ஆயிரம் புள்ளிகளுக்கு மேற்பட்ட 67 பிரேக்குகளை எடுத்தார். அவற்றுள் மிகப் பெரியது 3,262 புள்ளிகள். அடுத்த பருவத்தில் ஆட்டங்களில் போட்டித்தன்மை இருக்க வேண்டும் என்பதற்காக, ஜோ டேவிஸ், டாம் நியூமன், மெக்கோனகி போன்ற முதல்தர ஆட்டக்காரர்களுக்கே 7,000 புள்ளிகளை முன்கூட்டியே வழங்கிவிட்டு அவர் ஆட வேண்டியிருந்தது. அப்போதும் அவரே வென்றார்.

1931ஆம் ஆண்டு பிப்ரவரியில் பக்கிங்காம் அரண்மனையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையில் ஆடிக்காட்டும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. அப்போது மன்னர் அளித்த சட்டைக்கைப் பொத்தான்களை லின்ட்ரம் பின்னாளில் ஆட்டங்களின்போது அணிந்துவந்தார்.

1932ஆம் ஆண்டு ஜனவரி 19, 20 ஆகிய நாட்களில் இலண்டனின் தேர்ஸ்டன் அரங்கில் ஜோ டேவிசுக்கு எதிராக 4,137 புள்ளிகள் கொண்ட பிரேக்கை எடுத்தார். இதற்கு 2 மணி 55 நிமிடங்கள் ஆயின. அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 24 புள்ளிகள் வீதம் அவர் ஆடியிருக்கிறார். கேனன் ஒன்றுக்கு 2 புள்ளிகளே என்பதை எண்ணினால், சில வினாடிகளுக்கு ஓர் அடி வீதம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிழையின்றி ஆடியது புலனாகும். அவ்வளவு நேரமும் டேவிஸ் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விதி மாற்றம்

ஒரு குறிப்பிட்ட அடியைப் பயிற்சியால் முழுமைப்படுத்தியவர்களை விதிகளால் கட்டுப்படுத்துவது பில்லியர்ட்ஸ் வரலாற்றில் புதிதன்று.

* சிவப்புப் பந்தை அதன் புள்ளியிலிருந்து திரும்பத் திரும்ப வீழ்த்தும் முறையில் வில்லியம் பீல் 1890ஆம் ஆண்டு 3,304 புள்ளிகள் எடுத்தார். லின்ட்ரம் பிறந்த 1898ஆம் ஆண்டில் இம்முறை விதிகளால் கட்டுப்படுத்தப்பட்டது.
* இரு பந்துகளைப் பையின் வாயில் அசையாமல் நிறுத்தி ஆடும் தொட்டில் கேனன் முறையில் டாம் ரீஸ் 1907ஆம் ஆண்டு 499,135 புள்ளிகள் எடுத்தார். இம்முறையும் தடை செய்யப்பட்டது.
* ஆஸ்திரேலியரான ஜார்ஜ் கிரே 1911ஆம் ஆண்டு பெரும்பாலும் இன்-ஆஃப் அடிகளைக் கொண்டே 2,196 புள்ளிகள் எடுத்தார். தொடர்ச்சியான இன்-ஆஃப் அடிகளுக்கும் பின்னர் எல்லை விதிக்கப்பட்டது.

அடுத்து நர்சரி கேனனின் முறை வந்தது. லின்ட்ரம் ஆடும்போது அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோரால் பந்துகளின் நகர்வையே காண இயலவில்லை. அவரது முதுகையே கண்டனர். எதிராளிக்கோ ஆடும் வாய்ப்பே கிட்டவில்லை. எனவே 1932ஆம் ஆண்டில், குறிப்பிட்ட அளவு புள்ளிகளுக்கு ஒருமுறை ஆட்டக்காரரின் பந்து பாக் கோட்டைக் கடந்தாக வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. பாக் கோடு மேசையின் கீழ்முனைக் குஷனிலிருந்து 29 அங்குலத் தொலைவில் உள்ளது. மேல்முனையில் நெருக்கமாகச் சேர்த்துவைத்த பந்துகளை விட்டுவிட்டு மேசையின் மறுகோடிக்குச் சென்று, பின் மீண்டும் அவற்றைச் சேர்க்க வேண்டிய கட்டாயத்தை இவ்விதி உண்டாக்கியது. லின்ட்ரத்தைக் கருத்தில் கொண்டே இது இயற்றப்பட்டது என்பது வெளிப்படை.

இவ்விதியால் அவரை வீழ்த்த முடியவில்லை. புதிய விதியின் கீழ் 1933ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த உலக வாகையர் போட்டியில் லின்ட்ரம் 21,815 - 21,121 என்ற கணக்கில் ஜோ டேவிசை வென்றார். 1934ஆம் ஆண்டு மெல்போர்னில் நடந்த போட்டியிலும் 23,553 - 22,678 என்ற கணக்கில் அவரையே வென்றார். வேறுபாடு மிகக் குறைவாக இருப்பதால், விதி மாற்றம் போட்டியை ஓரளவு நெருக்கமாக்கியது எனலாம்.

எனினும் இழந்த பார்வையாளர்களை ஆட்டம் மீண்டும் பெறவில்லை. 1934க்குப் பின் உலகப் பட்டத்துக்கான போட்டி 1951 வரை நடைபெறவில்லை. இக்காலத்தில் சுனூக்கர் பில்லியர்ட்ஸின் இடத்தைப் பிடித்தது. சுனூக்கர் 1875ஆம் ஆண்டளவில் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகளிடையே தோன்றி, பின்னர் தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில் உள்ள ஊட்டி மன்றத்தில் விதிகள் வகுக்கப்பெற்றதாகக் கூறப்படும் ஆட்டமாகும். லின்ட்ரத்திடம் தோற்ற ஜோ டேவிசே அதன் முதல் பெரும் வாகையராகி, 1927 முதல் 1946 வரை பதினைந்து முறை உலகப் பட்டத்தை வென்றார்.

பில்லியர்ட்ஸின் வீழ்ச்சிக்கு லின்ட்ரமே காரணம் என்ற கருத்து அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. ஆனால் இதனை முழுவதும் ஏற்க இயலாது. பல நிறப் பந்துகள் கொண்ட, விரைவில் முடிவு தெரியும் சுனூக்கர் ஆட்டம் பொதுமக்களிடையே ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்தது. பிழையே நேராத ஆட்டத்தில் பார்வையாளருக்கு எதிர்பார்ப்பு குறைந்துபோகும் என்பதை லின்ட்ரத்தின் ஆட்டம் தெளிவாகக் காட்டியது என்று மட்டும் கூறலாம்.

பிராட்மனுடன் ஒப்பீடு

1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஆஸ்திரேலிய மக்கள் பெருமையுடன் பேசியவர்களுள் லின்ட்ரமும் துடுப்பாட்ட வீரர் டொனால்ட் பிராட்மனும் முக்கியமானவர்கள். சிறுவனாக இருந்தபோது பிராட்மன் ஒரு ஸ்டம்பைக் கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் அடித்தளத்தில் மோதித் திரும்பும் கோல்ஃப் பந்தைத் தனியாக அடித்துப் பழகினார். லின்ட்ரமும் தனிமையில் ஒரே அடியைத் திரும்ப அடித்துப் பழகியவரே. பிராட்மனைக் கட்டுப்படுத்த 1932-33ஆம் பருவத்தில் இங்கிலாந்து அணி உடலைக் குறிவைத்துப் பந்துவீசும் உத்தியைக் கையாண்டது. லின்ட்ரத்தைக் கட்டுப்படுத்தும் விதியும் ஏறத்தாழ அதே காலத்தில் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பின்னரும் லின்ட்ரம் ஆஸ்திரேலியா முழுவதும் பயணம் செய்து நிதி திரட்டும் காட்சி ஆட்டங்களை நடத்தினார். ஏறத்தாழ 4,000 ஆட்டங்களில் 5 இலட்சம் பவுண்டுகளுக்கு மேல் திரட்டியதாகக் கணக்கிடப்படுகிறது. தன்னுடன் ஆடுவதற்குத் தக்க எதிராளி இல்லாத நிலையில் தமது திறமையைப் பொதுநலனுக்குப் பயன்படுத்திய காலமாக இது அமைந்தது. 1941ஆம் ஆண்டு சிட்னியில் 46 வினாடிகளில் 100 புள்ளிகள் எடுத்தது இக்காலச் சாதனையாகும்.

இறுதிக் காலம்

1950ஆம் ஆண்டு லின்ட்ரம் உலகப் பட்டத்தைத் துறந்து ஓய்வு பெற்றார். 1951ஆம் ஆண்டு நடந்த போட்டியில் வென்று, அவருடன் முன்னர் இங்கிலாந்துக்குச் சென்ற கிளார்க் மெக்கோனகி அப்பட்டத்தைப் பெற்றார். 1960ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று குயின்ஸ்லாந்து மாநிலத்தின் சர்ஃபர்ஸ் பாரடைஸ் என்னும் கடற்கரை ஊரில், விடுமுறைக்குச் சென்றிருந்தபோது லின்ட்ரம் தமது 61ஆவது வயதில் காலமானார். மெல்போர்ன் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறை, பந்துகளும் கியூவும் வைக்கப்பட்ட ஒரு பில்லியர்ட்ஸ் மேசையின் வடிவில் அமைக்கப்பட்டுள்ளது.

சிறப்புகள்

* 1951 - பிரித்தானியப் பேரரசின் எம்.பி.இ. விருது
* 1958 - பிரித்தானியப் பேரரசின் ஓ.பி.இ. விருது
* 1981 - ஆஸ்திரேலிய அஞ்சல் துறை இவரது கேலிச்சித்திரம் கொண்ட அஞ்சல் தலையை வெளியிட்டது
* 1985 - ஆஸ்திரேலிய விளையாட்டுப் புகழவையில் சேர்க்கப்பட்டார்

மரபு

லின்ட்ரத்துக்குப் பிந்தைய விதிகள் தொடர் கேனன்களுக்கும் தொடர் பாட்களுக்கும் எல்லை வகுத்துவிட்டன. எனவே இன்றைய ஆட்டக்காரர்களின் பிரேக்குகளை இவருடைய பிரேக்குகளுடன் நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது. சான்றாக, இந்தியாவின் கீத் சேத்தி 1992ஆம் ஆண்டு உலகத் தொழில்முறைப் போட்டியில் எடுத்த 1,276 புள்ளிகள், மாறிய விதிகளின் கீழ் எடுக்கப்பட்ட மிகப் பெரிய பிரேக்குகளுள் ஒன்றாகும். 4,137 என்ற எண்ணை எட்டும் வழி விதிகளாலேயே அடைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் லின்ட்ரம் கற்ற அடிப்படைப் பயிற்சிகளில் மாற்றம் ஏதும் இல்லை. நேர்கோட்டில் சென்று திரும்பும் பந்தும், வேகத்தைக் கட்டுப்படுத்தி உரிய இடத்தில் நிறுத்தும் சிவப்புப் பந்தும் இன்றும் இவ்வாட்டத்தைத் தொடங்குவோருக்கு முதற் பாடங்களாக உள்ளன.